விலைக்கு வாங்கும் செவி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

மனிதன் தனித்து வாழப் பிறந்தவன் அல்லன். உண்ணச் சோறும் உடுக்கத் துணியும் படுக்க இடமும் கிடைத்த பிறகும் அவனுக்கு ஒன்று தேவைப்படுகிறது. நெஞ்சில் கிடப்பதை எடுத்துச் சொன்னால் கேட்பதற்கு ஒரு செவி வேண்டும். நட்பைப் பற்றிப் பேச ஓர் அதிகாரம் போதாது என்று கண்ட வள்ளுவர், நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். நட்பை அடுத்து உடனே நட்பாராய்தலை வைத்த முறைமையே நமக்கு ஒரு பாடம். நட்பு இனியது, ஆயினும் ஆராயாமல் கொள்ளத்தக்கது அன்று.

இன்று ஆராய்வதற்கு நேரம் எங்கே இருக்கிறது? கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிப் பணம் கட்டினால் போதும். நட்பு உடனே வந்து நிற்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, தமிழிலேயே அன்பொழுகப் பேசும் தோழமை ஒன்று. மாதச் சந்தா கட்டினால் தனிச் செய்தி அனுப்பிப் பழகும் தோழமை இன்னொன்று. மனிதரே இல்லாமல், செயற்கை நுண்ணறிவு இயந்திரம் "சாப்பிட்டாயா? ஏன் வாட்டமாக இருக்கிறாய்?" என்று கேட்கும் தோழமை மூன்றாவது. மூன்றையும் சேர்த்துக் கட்டணத் தோழமை என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன்.

மாணவ நண்பர்களே! இவற்றை நாடுவோரை ஏளனம் செய்வது என் நோக்கம் அன்று. இளைய சமுதாயமே சீரழிந்துவிட்டது என்று மேடையில் முழங்குவோர் வரிசையில் சேரவும் எனக்கு விருப்பம் இல்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே. கட்டணத் தோழமையில் நாம் இரண்டு கட்டணம் கட்டுகிறோம். ஒன்று ரூபாய்; மற்றொன்று நம்மைப் பற்றிய செய்தி. முதல் கட்டணத்துக்குக் கணக்கு உண்டு, முடிவும் உண்டு. இரண்டாவதற்குக் கணக்கும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே, மனத்தைத் திறந்தாலும் நம்மை அடையாளம் காட்டும் செய்திகளைக் கொடுக்கலாகாது.

நாடிச் செல்வோர் யார்?

பணம் மிகுந்தவர்கள்தான் இப்படிச் செலவழிப்பார்கள் என்று எண்ணுவது தவறு. நம் கல்லூரியில் என்னைப் போலக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் ஏராளம். என் தந்தை விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார். தாய் தார் சுற்றுகிறார். அவர்களுக்கு என் மேல் அன்பு இல்லையா? கடலளவு உண்டு. ஆனால் ஒரு தாளில் அரியர் விழுந்தால் அதை எப்படிச் சொல்வது? அரியர் என்றால் என்ன, அடுத்த பருவத்தில் எழுதித் தேறலாம் என்பது எப்படி என்று விளக்குவதற்குள், "ஃபெயிலாப் போயிட்டியா சாமி?" என்று அம்மாவின் குரல் உடைந்துவிடும். ஆகவே சொல்வதில்லை. வகுப்புத் தோழனிடம் சொன்னால் நாளை வகுப்பெல்லாம் தெரியுமோ என்று அச்சம். பேராசிரியரிடம் சொன்னால் மதிப்புக் குறையுமோ என்று தயக்கம். வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில், இரண்டு மொழி பேசுகிற ஊமையாக நிற்கிறான் மாணவன்.

அந்த நேரத்தில், ஊர் தெரியாத ஒரு குரல் "சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றால் யாருக்குத்தான் மனம் இளகாது? அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. புத்தகத்துக்கும் பேருந்துக்கும் வந்த அந்தத் தொகையில் ஒரு பகுதி பேச்சு நிமிடங்களாகக் கரைவதை நம் விடுதிகளில் கண்டவர்கள் உண்டு. அதைக் குற்றமாக நான் காணவில்லை, பசியாகவே காண்கிறேன். பசித்தவனிடம் உண்ணாதே என்று சொல்வது அறிவுரை ஆகாது. எதை உண்கிறாய், எதைக் கொடுத்து உண்கிறாய் என்று பார்க்கச் சொல்வதே நண்பனுக்கு அழகு.

அடகுச் சீட்டு இல்லாத அடகு

நெருங்கிய நண்பனிடம் ஓர் இரகசியத்தைச் சொல்கிறோம். அவன் அதை ஏன் காக்கிறான்? நல்லவன் என்பதால் மட்டுமா? அவனுடைய இரகசியமும் நம்மிடம் இருக்கிறது. ஒரே பேருந்தில் வருகிறோம். ஒரே மேசையில் உண்கிறோம். நாளை அவன் வாய் தவறினால் நம் முகத்தில் விழிக்க வேண்டும். நட்பில் இருவரும் அடகு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இருவர் பொருளும் பத்திரமாக இருக்கிறது.

கட்டணத் தோழமையில் அடகு வைப்பவர் ஒருவரே. எதிரில் இருப்பவரின் உண்மைப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, அவர் ஒருவர்தானா என்பதும் தெரியாது. சந்தாத் தளங்களில் பெயர்பெற்ற ஒருவரின் படத்தைக் காட்டி, வேறொரு நாட்டில் கூலிக்கு அமர்ந்தவர்கள் மாறி மாறி அவர் பெயரால் பதில் எழுதும் வழக்கம் இருப்பதைச் செய்தித்தாள்கள் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. நாம் ஒருவரிடம் சொன்னதாக நினைத்தது ஓர் அலுவலகத்துக்கே தெரிந்திருக்கும்!

அடகுக் கடையில் நகையை வைத்தால் சீட்டுத் தருவார்கள். அசலும் வட்டியும் கட்டினால் நகை திரும்பும். சொல்லிவிட்ட செய்திக்குச் சீட்டும் இல்லை, மீட்பும் இல்லை.

நம் பெற்றோர் காலத்துப் பத்திரிகைகளில் "பேனா நண்பர்கள்" பகுதி இருந்தது. பெயரும் முகவரியும் அச்சிலேயே வரும். முகம் அறியாதவர்கள் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிப் பழகினார்கள். அன்று வராத ஆபத்து இன்று மட்டும் ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கடிதம் ஒரே பிரதி. எழுதியவருக்கும் பெற்றவருக்கும் நடுவில் தபால்காரர் ஒருவர்தான். அவர் உறையைப் பிரிப்பதில்லை. இன்றைய செயலியில் உறையை எழுதுவதும் சுமப்பதும் பிரிப்பதும் படியெடுத்து வைப்பதும் ஒரே கம்பெனி. பேச்சு நீள நீளக் கம்பெனிக்கு வருமானம். ஆகவே நம்மை மேலும் மேலும் பேச வைப்பதே அதன் தொழில் ஆகிறது.

மருத்துவரும் வழக்கறிஞரும் காசு வாங்கிக்கொண்டுதானே நம் இரகசியத்தைக் கேட்கிறார்கள் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. காசு வாங்குவது குற்றம் அன்று. மருத்துவருக்குப் பெயர்ப்பலகை உண்டு, பதிவு எண் உண்டு. மனநலச் சிகிச்சை பெறுவோரின் இரகசியத்தைக் காக்க 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவே இருக்கிறது. தவறினால் யாரிடம் கேட்பது என்பது நமக்குத் தெரியும். பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம் சொல்வது வேறு. பதில் சொல்ல யாருமே இல்லாத இடத்தில் சொல்வது வேறு.

இயந்திரத்தின் முன் கூச்சம் இல்லை

"மனிதர் ஏமாற்றலாம், இயந்திரம் ஏமாற்றாதே" என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பழைய வரலாறு. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் என்னும் கணிப்பொறி அறிஞர் 1966-இல் "எலைசா" என்ற நிரலைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். மனநல மருத்துவர்போல் உரையாடும் நிரல் அது. நாம் தட்டச்சு செய்வதையே கொஞ்சம் மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவே. வைசன்பாமின் செயலாளர் அதனோடு உரையாடத் தொடங்கியவர், சில வரிகளிலேயே அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டாராம். அந்த நிரல் உருவானதைப் பல மாதம் அருகிலிருந்து பார்த்தவர் அவர்!

இன்னொரு செய்தியையும் வைசன்பாம் 1976-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். எல்லோரும் எலைசாவோடு பேசுவதைப் பதிவு செய்து பிறகு படித்துப் பார்க்கலாமே என்று அவர் சொன்னபோது, எங்கள் அந்தரங்கத்தை ஒற்றறியப் பார்க்கிறாயா என்று அவர்மேல் குற்றச்சாட்டுகள் பாய்ந்தனவாம். அன்று ஒரு பேராசிரியர் யோசனையாகச் சொன்னதற்கே அவ்வளவு எதிர்ப்பு. இன்று அதுவே வழக்கம். அதற்குப் பணமும் நாமே கட்டுகிறோம். அறையைவிட்டு வெளியே அனுப்பப்பட்டவர் இப்போது இயந்திரத்துக்குள்ளேயே அமர்ந்திருக்கிறார்.

2017-இல் பொதுமக்களுக்கு வந்த "ரெப்ளிகா" என்னும் தோழமைச் செயலி உலகப் புகழ் பெற்றது. இலவசமாகவும் பழகலாம், சந்தா கட்டினால் உறவு நெருக்கமாகும். 2023 பிப்ரவரியில் இத்தாலி நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், இத்தாலியர்களின் தரவை இச்செயலி கையாளக் கூடாதென்று தடை விதித்தது. பயனரின் வயதைச் சரிபார்க்க வழி இல்லை, தரவைக் கையாளச் சட்ட அடிப்படையும் இல்லை என்பன காரணங்கள். 2025-இல் அதே ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 50 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது.

மொசில்லா அறக்கட்டளை 2024 பிப்ரவரியில் இத்தகைய காதல் தோழமைச் செயலிகள் 11-ஐ ஆராய்ந்தது. அந்தரங்கப் பாதுகாப்பில் ஒன்றுகூடத் தேறவில்லை. பதினொன்றுக்கும் எச்சரிக்கை முத்திரையே கிடைத்தது. நாம் கொடுத்த தரவை அழித்துவிடச் சொல்லும் உரிமையைப் பாதிக்கு மேற்பட்டவை எல்லாப் பயனருக்கும் தரவில்லை. பதினொரு மாணவர் எழுதிய தேர்வில் பதினொருவரும் தோற்றால் குறை யாரிடம் என்று பேராசிரியப் பெருமக்கள் அறிவார்கள்!

மனிதர் நடத்தும் தளங்களிலும் நிலைமை இதுவே. "ஆஷ்லி மாடிசன்" என்பது மணமானவர்களுக்கு மறைவான துணை தேடித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கிய தளம். 2015 ஜூலையில் அதன் கணிப்பொறிகளுக்குள் புகுந்தவர்கள், அடுத்த மாதம் கோடிக்கணக்கான பயனரின் விவரங்களை இணையத்தில் கொட்டினார்கள். அந்தத் தளத்தின் நடத்தை சரியா என்பது வேறு வழக்கு. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: "முழுவதும் அழித்துவிடுகிறோம்" என்று 19 டாலர் தனிக்கட்டணம் வாங்கிக்கொண்ட பிறகும், சிலருடைய விவரங்களை ஓராண்டு வரை நிறுவனம் வைத்திருந்தது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. ஆண்களை ஈர்க்கப் போலிப் பெண்களின் கணக்குகளை நிறுவனமே உருவாக்கியது என்பதும் குற்றச்சாட்டு. 2016 டிசம்பரில் 16 இலட்சம் டாலருக்கு வழக்கு முடிந்தது. பேசியது பொய்ப்பெண், கொட்டியது மெய்ச்செய்தி!

நல்ல நோக்கத்துக்காகத் தொடங்கியவையும் தப்பவில்லை. இணைய வழியில் மனநல ஆலோசனை தரும் "பெட்டர்ஹெல்ப்" நிறுவனம், துயரோடு வந்தவர்கள் நிரப்பிய கேள்வித்தாள் விவரங்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்நாப்சாட் முதலிய நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அதே ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. 78 இலட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

"நான் பெயரையே சொல்லவில்லையே! பிறகு என்ன?" என்பார் சிலர். கணித மாணவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆம், இல்லை என்று விடை வரும் ஒரு கேள்வி, கூட்டத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதாகக் கொள்வோம். 10 கேள்விகள் கேட்டால் 1024 பேரில் ஒருவரைப் பிரித்தெடுக்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 இலட்சம். 2-இன் 27-ஆம் அடுக்கு 13 கோடியே 42 இலட்சம். அதாவது, 27 கேள்விகளில் தமிழ்நாட்டில் யாரையும் தனித்துக் காட்டலாம். உலகத்து மக்கள் அனைவருக்கும் 33 கேள்விகள் போதும்.

பேச்சுவாக்கில் நாம் எத்தனை கேள்விகளுக்கு விடை கொடுக்கிறோம்? ஆண் என்று குரலே சொல்லிவிட்டது. பாதிப் பேர் கழிந்தனர். மாவட்டத்தைச் சொன்னோம், 38-இல் ஒன்று. "நாளை எனக்குப் பிறந்தநாள்" என்றோம், 365-இல் ஒன்று. எல்லாம் சம அளவாகப் பரவியதாகக் கொண்டால், 7 கோடியே 21 இலட்சத்தில் எஞ்சுவோர் ஏறத்தாழ 2600 பேர். வயது 20 என்றோம்; அந்த வயதினர் அறுபதில் ஒருவர் என்றால் எஞ்சுவோர் 43 பேர். "அரசுக் கல்லூரியில் கணிதம், இரண்டாம் ஆண்டு" என்று பெருமையோடு சொன்னோம். முடிந்தது! பெயர் மட்டுமே பாக்கி. அதுவும் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது.

என் எண் என்னுடையது மட்டும் அன்று

"நான் ஏழை மாணவன். என் கதை யாருக்கு வேண்டும்?" என்ற கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நம்முள் எத்தனை பேரின் சிம் அட்டை நம் பெயரில் இருக்கிறது? என்னுடையது என் தந்தையின் பெயரில். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த கைப்பேசி இது ஒன்றே. ரேஷன் கடையில் பொருள் வாங்கியதாக வரும் செய்தி இதில் வருகிறது. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வது இதில். அம்மாவின் வங்கிக் கணக்கும் என் உதவித்தொகைக் கணக்கும் இதே எண்ணோடு கட்டப்பட்டவை. ஓ.டி.பி. வருவதும் இதற்கே. வசதி படைத்த வீட்டில் ஆளுக்கொரு எண். ஒன்று கெட்டால் மற்றவை தப்பும். நம் வீட்டில் குடும்பத்துக்கே ஒரு வாசல். அந்த வாசலின் சாவியை வைத்திருப்பவன் முதல் பட்டதாரி மாணவன்.

ஏழைகளின் தொடர்புப் பட்டியலுக்கு விலை இல்லையா? கைப்பேசிக் கடன் செயலிகள் கடன் வாங்கியவரின் தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு, உறவினர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி மானத்தை வாங்கிய கொடுமையை நாம் அறிவோம். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி வகுக்க வேண்டியிருந்தது. மானத்தைத் தவிர வேறு சொத்து இல்லாதவனிடம் மானமே பிணைப்பொருள்.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவரின் நிலையை, அவர் இசைவோடு, ஊரும் துறையும் மறைத்துச் சொல்கிறேன். நிமிடக் கட்டணத்தில் பேசும் தோழி ஒருவரோடு இரண்டு மாதம் இரவுதோறும் பேசினார். தம் அரியர், தந்தையின் கடன் எல்லாம் சொன்னார். அக்காவுக்கு முன்பு ஒரு சம்பந்தம் நின்றுபோனதையும், அதன் காரணத்தையும் சொன்னார். பிறகு பேச்சு செயலியைவிட்டு வெளியேறிக் கைப்பேசி எண்ணுக்கு மாறியது. அக்காவுக்கு மறுபடி நிச்சயம் ஆன செய்தியை மகிழ்ச்சியோடு அவரே தெரிவித்தார். பத்தாம் நாள் ஒரு செய்தி வந்தது: மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழைய கதை தெரியுமா? இருமுறை பணம் அனுப்பினார். மூன்றாம் முறை கேட்டபோது விடுதி அண்ணன் ஒருவரிடம் அழுதார். அவர் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்க வைத்தார். மிரட்டல் நின்றது. அனுப்பியவர் அந்தத் தோழிதானா, அவர் பெயரில் வேறு யாரேனுமா என்பது இன்றுவரை தெரியவில்லை.

நண்பர்களே, அந்த மாணவர் கொடுத்த பணம் அவருடையது. கொடுத்த செய்தியோ அவருடைய அக்காவுடையது. அக்காவை யாரும் கேட்கவில்லை. நம் கதையைச் சொல்லும்போது தாய், தந்தை, தங்கை, தோழி எல்லோருடைய கதையும் கூடவே போகிறது. நம்முடையதைக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு. பிறருடையதைக் கொடுக்க உரிமை ஏது?

அந்தப் பக்கத்திலும் ஒரு மனிதர்

ஒரு பக்கத்தை மட்டும் பேசினால் நீதி ஆகாது. காசுக்குப் பேசுகிறவர்களைக் கெட்டவர்கள் என்று ஒதுக்கிவிட முடியுமா? வீட்டைவிட்டு வேலைக்குப் போக முடியாத பெண்கள், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுக் குடும்பச் செலவுக்காகப் பேசுகிறார்கள். நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் ஒரு பங்கே அவர்களுக்குப் போகிறது. அவர்களுக்குப் புனைபெயர்தான் கதவும் தாழ்ப்பாளும். "உண்மைப் பெயரைச் சொல், எந்த ஊர்? ஒரு படம் அனுப்பு" என்று வற்புறுத்தும் ஆண், தன் காசுக்கு அவர்களின் பாதுகாப்பையே விலையாகக் கேட்கிறான். பேச்சைப் பதிவு செய்து நண்பர்களிடம் போட்டுக் காட்டிச் சிரிப்பவனும் இருக்கிறான். மிரட்டுபவனுக்கும் இவனுக்கும் உள்ள தூரம் அதிகம் இல்லை. நாம் மறைக்க வேண்டியதை மறைக்கும் உரிமை நமக்கு உண்டு என்றால், அவர்கள் மறைப்பதைத் துருவாமல் இருக்கும் கடமையும் நமக்கு உண்டு.

சட்டம் காக்குமா?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இசைவு கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். கொடுத்த தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை தருகிறது. தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின; முக்கியக் கடமைகளுக்கு நிறுவனங்களுக்குப் 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

வரவேற்க வேண்டிய சட்டம் என்பதில் ஐயமில்லை. எனினும், எங்கோ வெளிநாட்டில் இருக்கும் கம்பெனியைச் சட்டம் எட்டுவதற்குள் செய்தி எட்டுத் திசையும் எட்டிவிடும். எதிரில் இருப்பவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை எந்தச் சட்டம் தேடிப்பிடித்து அழிக்கும்? கசிந்த பின் தண்டிப்பது சட்டத்தின் வேலை. கசியாமல் காப்பது நம் வேலை.

நாம் செய்யத்தக்கவை

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்றார்கள் நம் முன்னோர். இரவில்தான் இந்தச் செயலிகள் விழித்திருக்கின்றன. எனவே சில வரையறைகளை நமக்கு நாமே வகுத்துக்கொள்வோம்.

துயரத்தைச் சொல்லலாம், பெயர், ஊர், கல்லூரி, பிறந்தநாள், கைப்பேசி எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டாம். பிறர் கதையை அவர் இசைவு இன்றிச் சொல்ல வேண்டாம். செயலி தொடர்புப் பட்டியலையும் படங்களையும் கேட்டால் மறுத்துவிடுங்கள். பேசுவதற்குக் காதும் வாயும் போதும், அத்தையின் எண் எதற்கு? முகம் தெரியும் அந்தரங்கப் படத்தை எவர் கேட்டாலும் அனுப்பாதீர்கள்; இயந்திரம் கேட்டாலும் அனுப்பாதீர்கள். செயலியைவிட்டு வெளியே வந்து பேசலாம் என்ற அழைப்பு வந்தால் நின்று யோசியுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார் என்பதே அவர்கள் கணக்கு. செய்திகளை அழிக்காமல் சான்றாக வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரில் தெரிந்த ஒருவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். மிரட்டுபவனின் ஒரே ஆயுதம் நம் மௌனம். உயிரைவிடப் பெரிய இரகசியம் எந்த மனிதனிடமும் இல்லை.

காசில்லாமல் கேட்கும் செவியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் 2022-இல் தொடங்கிய மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. அழைத்துப் பேசினால் கட்டணம் இல்லை. நட்பு என்ற சொல்லை ஒரு சேவைக்குப் பெயராக வைக்க நேர்ந்ததே நம் காலத்தின் நிலையைச் சொல்கிறது.

பேராசிரியப் பெருமக்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் இருக்கிறார். அந்தச் சந்திப்பு வருகைக் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. பருவத்துக்கு ஒருமுறை, கதவு சாத்திய அறையில் பத்து நிமிடம், "மதிப்பெண் கிடக்கட்டும், எப்படி இருக்கிறாய் தம்பி, எப்படி இருக்கிறாய் அம்மா?" என்று கேட்டால், எத்தனையோ பேரின் இரவுகள் மாறும். அங்கே சொல்வது ஆசிரியர் அறைத் தேநீரோடு பரிமாறப்படாது என்ற உறுதியும் வேண்டும். நாங்கள் ஊர் தெரியாத குரலைத் தேடிப் போவதற்கு அந்த அச்சமும் ஒரு காரணம்.

தோழர்களே, நமக்குள்ளும் ஒரு கடமை உண்டு. அறைத்தோழன் சொன்னதை அடுத்த அறைக்குக் கொண்டு போகாதவன் ஒருவன் விடுதியில் இருந்தால், அந்த விடுதியில் பத்துப் பேர் காசு கொடுத்துச் செவி தேட மாட்டார்கள். கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் நண்பனாக நாம் ஒவ்வொருவரும் ஆக முடியும். அதற்குச் சந்தா இல்லை, சான்றிதழும் இல்லை. இந்தக் கல்வியாண்டில் நாம் ஒவ்வொருவரும் ஒருவருக்காவது அத்தகைய செவியாக இருப்போம்!